இறங்க லேட்டா பர்மிஷன் வந்தா பைலட் என்ன பண்ணணும்: முழுமையான வழிகாட்டி

36,000 அடில போய்ட்டு இருக்கீங்க. இறங்க ஆரம்பிக்க வேண்டிய இடத்த ஸ்கிரீன்ல காட்டுற அம்புக்குறி கிட்ட வந்து, கடந்து, பின்னாடியும் போயிடுச்சு. ஏடிசி (தரைலேர்ந்து விமானங்கள வழிநடத்துற கன்ட்ரோலர்) கிட்ட ரெண்டு தடவ கேட்டாச்சு, ரெண்டு தடவையும் ஸ்டாண்ட்பை, அதாவது காத்திருங்கன்னு பதில். நிமிஷத்துக்கு ஏழரை மைல் கரைஞ்சுட்டே இருக்கு. அப்புறம் திடீர்னு இறங்கலாம்னு வருது, கூடவே சீக்கிரம் இறங்குங்கன்னும் வருது, அதுக்கும் மேல கொஞ்ச நேரத்துல வேகத்தக் குறைங்கன்னும் வரும். லைன்ல பறக்குற யாருக்கும் இது புதுசு இல்ல. ஆனா புதுசா ரைட் சீட்டுக்கு, அதாவது கோ பைலட்டா, வர்றவங்களுக்கு இத யாரும் உக்காந்து வரிசையா சொல்லித் தர்றது இல்ல, சிமுலேட்டர்ல இன்ஜின் ஃபெயிலியர் நூறு தடவ பண்ணிருப்போம், இத ஒரு தடவ பண்ணிருந்தா அதிகம். அதுனால எனக்குத் தெரிஞ்சத முழுசா எழுதிடலாம்னு தோணுச்சு. சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) படிக்கிற பசங்க, ஹோம் சிமுலேட்டர்ல பறக்குறவங்களுக்கும் உதவும். உங்க கம்பெனி எஸ்ஓபியும் (நடைமுறை விதிகள்) உங்க விமானத்தோட மேனுவலும் என்ன சொல்லுதோ அதுதான் கடைசி வார்த்தை, நான் சொல்றது அதுக்குக் கீழதான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். லேட் ஆக்குறது ஏடிசியா இருக்கலாம், ஆனா கையில மிச்சம் நிக்கிற உயரத்தையும் வேகத்தையும் கரைச்சுத்தான் தரையத் தொடணும், அத அவங்க வந்து கரைக்க முடியாது. கரைக்கிறதுக்கு ஸ்பீட்பிரேக் (றெக்கை மேல எழும்பி காத்தத் தடுக்குற தகடு) இருக்கு, கியர் (சக்கரம்) இருக்கு, எல்லாம் இருக்கு, ஆனா எல்லாத்தையும் விட நல்ல மருந்து எக்ஸ்ட்ரா மைல்தான். அத வாய் திறந்து கேட்டா கிடைக்கும், அதுவும் சீக்கிரம் கேட்டாதான் கிடைக்கும்.

மங்களூர்ல என்ன நடந்துச்சு

2010 மே 22, துபாய்லேர்ந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, போயிங் 737-800. அன்னிக்கு மங்களூர் ஏரியா ரேடார் வேலை செய்யல. ரேடார் இல்லன்னா கன்ட்ரோலர் விமானங்களப் பாக்க முடியாது, பைலட் சொல்ற தூரத்தையும் உயரத்தையும் வச்சுத்தான் ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் இடைவெளி விடணும், அதுனால வழக்கத்த விட கிட்ட வந்த பிறகுதான் இறங்க விட்டாங்க. 130 மைல் கிட்ட இருக்கும்போதே கேட்டாங்க, 80 மைல் வந்ததும் இறங்குங்கன்னு பதில் வந்துச்சு. 37,000 அடிலேர்ந்து இறங்க ஆரம்பிக்கும்போது டிஎம்இ (தூரம் காட்டுற கருவி) 77 மைல் காட்டிட்டு இருந்துச்சு.

இப்ப சும்மா ஒரு கணக்கு போடுங்க. 37,000 அடிக்கு 37ஐ 3ஆல பெருக்கினா 111 மைல் வேணும், வேகத்தக் குறைக்கிறதுக்குன்னு தனியா இன்னும் பத்து மைல். அந்த விமானம் நேரா ரன்வேக்குப் போகல, 10 மைல் ஆர்க் (வட்டத்தோட ஒரு துண்டு மாதிரி வளைஞ்ச பாதை) சுத்தி 24ஆம் ரன்வேக்கு வரணும், அதுனால பறக்க வேண்டிய தூரம் 77ஐ விட கூடதான். அப்படியும் பத்தாது, ஆனா சமாளிக்க முடியாத பள்ளமும் இல்ல, இதத்தான் எல்லாரும் கவனிக்கணும். விசாரணை அறிக்கையும் அதையேதான் சொல்லுது: ரேடார் இல்லாததால கிட்ட வந்த பிறகு இறங்க விட்டாங்க, ஆனா பைலட்டுங்க இறக்கத்த ஒழுங்கா திட்டம் போடல, அதுனால உயரமாவே இருந்துட்டாங்க. கேப்டன் அந்த ஃப்ளைட்ல ரொம்ப நேரம் தூங்கிருக்காரு, முழிச்ச பிறகும் தூக்கக் கலக்கம் முடிவெடுக்குறத பாதிச்சிருக்கலாம்னும் அதே அறிக்கைல இருக்கு. 8,500 அடி கிட்டயே கியர் போட்டாங்க, ஸ்பீட்பிரேக்கும் வெளிய நின்னுச்சு, அப்படியும் கிளைட் பாத் (ரன்வேக்கு இறங்க வேண்டிய சரிவுப் பாதை) உயரத்த விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு மேல இருந்தாங்க. கோ பைலட் மூணு தடவ கோ அரவுண்ட் (இறங்காம திரும்ப மேல ஏறிப் போறது) போகச் சொன்னாரு. 8,000 அடி சொச்சம் இருக்குற ரன்வேல 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தொட்டுச்சு. 166 பேர்ல 158 பேர் செத்துப் போனாங்க.

இத முதல்லயே எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. அந்த 77 மைல்லேர்ந்து தரை வரைக்கும் வழி நெடுக வெளிய வர்றதுக்குக் கதவு திறந்தே இருந்துச்சு. கீழ சொல்ற ஒவ்வொரு ஸ்டெப்பும் அப்படி ஒரு கதவுன்னு நினைச்சுக்கங்க.

ஸ்டெப் 1: உங்க நம்பர் உங்களுக்குத் தெரியணும்

எஃப்எம்எஸ் (விமானத்துல வழி பாக்குற கம்ப்யூட்டர்) இறங்க ஆரம்பிக்க வேண்டிய ஒரு புள்ளியக் காட்டும், அத நம்புங்க, ஆனா மனசுக்குள்ளயும் கணக்கு ஓடணும். கரைக்க வேண்டிய உயரம் எத்தன ஆயிரம் அடியோ அத 3ஆல பெருக்குங்க, அவ்ளோ நாட்டிகல் மைல் வேணும். 36,000 அடிக்கு 108. ஏர்போர்ட்டே 3,000 அடி உயரத்துல இருந்தா அந்த 3,000த்த முதல்ல கழிச்சுக்கணும், பெங்களூர் போனா இது முக்கியம். வேகம் குறைக்க 10 நாட்டுக்கு (நாட்னா மணிக்கு ஒரு நாட்டிகல் மைல்) 1 மைல்னு வச்சா, 280லேர்ந்து 180க்கு வர 10 மைல். பின்னாடிலேர்ந்து காத்து தள்ளுச்சுன்னா ஒவ்வொரு 10 நாட்டுக்கும் 2 மைல் போல சேத்துக்கங்க, எதிர்காத்துன்னா கழிச்சுக்கங்க. 50 நாட் டெயில்விண்ட் இருந்தா மேல சொன்ன 108, வேகம் குறைக்கிற 10 மைலும் காத்துக்கான 10 மைலும் சேந்து, சுமாரா 128 ஆகிடும்.

இன்னும் ரெண்டு விஷயம் புதுசா வர்றவங்க மறந்துடுவாங்க. இன்ஜின் ஆன்டி ஐஸ் (பனி உறையாம தடுக்குறது) போட்டா ஐடில்லயே (இன்ஜின் குறைஞ்சபட்ச பவர்ல இருக்கும்போதே) கொஞ்சம் கூட தள்ளும், இறக்கம் மட்டமாகிடும். அப்புறம் வெயிட். ஃபுல் லோடுல இருக்குற விமானம் அதே வேகத்துல லைட்டான விமானத்த விட தூரமா சறுக்கும், வெயிட்டா இருந்தா சீக்கிரம் கீழ வரும்னு நினைக்கிறது தப்பு, நேர் தலைகீழ்.

செங்குத்து வேகத்துக்கு, கிரவுண்ட் ஸ்பீட 5ஆல பெருக்கினா 3 டிகிரிக்கு வேண்டிய அளவு வரும். 450 நாட்னா நிமிஷத்துக்கு 2,250 அடி. இறங்கும்போது இத விட கம்மியா காட்டுச்சுன்னா பாத்துட்டு இருக்கும்போதே பாதைக்கு மேல ஏறிட்டு இருக்கீங்கன்னு அர்த்தம்.

ஸ்டெப் 2: முன்னாடியே கேளுங்க, பதில் வரலன்னா கேள்விய மாத்துங்க

புள்ளிக்கு 15, 20 மைல் முன்னாடியே கேட்டுடுங்க. ஃப்ரீக்வன்சி பிஸியா இருந்தா இன்னும் முன்னாடி. ஸ்டாண்ட்பைன்னு வந்தா திரும்பத் திரும்ப அதே ரிக்வெஸ்ட்ட வைக்கிறதுல பிரயோஜனம் இல்ல, எத்தன மைல்ல எதிர்பாக்கலாம்னு கேளுங்க. அந்த ஒரு கேள்விக்குப் பதில் வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுடும், ஏன்னா இப்ப உங்க கைல ஒரு நம்பர் இருக்கு, உங்க நம்பரோட அத வச்சுப் பாக்கலாம், எவ்ளோ பள்ளம்னு முன்கூட்டியே தெரிஞ்சுடும்.

கன்ட்ரோலர் வேணும்னு லேட் பண்றது இல்ல. உங்களுக்குக் கீழ ஒரு விமானம் குறுக்க போய்ட்டு இருக்கலாம், அடுத்த செக்டாரோட (பக்கத்து கன்ட்ரோலர் பாக்குற பகுதி) உயர ஒப்பந்தம் இருக்கலாம், மிலிட்டரி ஏரியா இருக்கலாம், ரேடாரே இல்லாம இருக்கலாம். அவர் ஸ்கிரீன்ல உங்க உயரமும் கிரவுண்ட் ஸ்பீடும் தெரியும், ஆனா உங்க விமானம் இன்னிக்கு எவ்ளோ வெயிட், ஆன்டி ஐஸ் ஓடுதா, எவ்ளோ சறுக்கும், அதெல்லாம் அவருக்குத் தெரியாது. நீங்க சொன்னாத்தான் உண்டு.

ஸ்டெப் 3: இறங்க விடலயா, நின்ன உயரத்துலயே வேகத்தக் குறைங்க

நான் லைனுக்கு வந்த முதல் வருஷம். ஒரு ராத்திரி, மேலயே புடிச்சு வச்சுட்டாங்க. நான் எஃப்எம்எஸ்ஸயே முறைச்சுப் பாத்துட்டு இருந்தேன், உயரம் கூடன்னு காட்டுற நம்பர் ஏறிட்டே போகுது. பக்கத்துல கேப்டன், நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர், அமைதியா ஸ்பீட் நாப்ப இழுத்து குறைக்க ஆரம்பிச்சாரு. எனக்குப் புரியல, இறங்க லேட் ஆகுதுன்னா சீக்கிரம் போகணும்னுதானே தோணும். "சார், இறங்கும்போது வேகமா இறங்கத்தானே போறோம், இப்ப எதுக்குக் குறைக்கிறீங்க"ன்னு கேட்டேன். "மைல சேத்து வைக்கிறேன் தம்பி"ன்னாரு. அன்னிக்கு ரூமுக்குப் போய் பேப்பர்ல கணக்கு போட்டுப் பாத்தேன், அதத்தான் கீழ தர்றேன்.

36,000 அடில மாக் 0.78ன்னா (ஒலியோட வேகத்துல 0.78 பங்கு) காத்து இல்லாத நிலைல சுமார் 450 நாட், நிமிஷத்துக்கு 7.5 மைல். மாக் 0.72க்குக் குறைச்சா சுமார் 415 நாட், 6.9 மைல். அஞ்சு நிமிஷம் காக்க வச்சாங்கன்னா 3 மைல் மிச்சம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேகமே ஒரு உயரம்தான். 450லேர்ந்து 415க்குக் குறைக்கும்போது நீங்க தூக்கிப் போடுற சக்தி, உயரக் கணக்குல பாத்தா சுமார் 1,300 அடி, அது 3 டிகிரி பாதைல 4 மைலுக்குச் சமம். மொத்தத்துல 7 மைல், ஒரு அடி கூட இறங்காம! இறங்க விட்டதும் மூக்கக் கீழ போட்டு அந்த வேகத்தத் திரும்ப எடுத்துக்கலாம், எடுக்கும்போது உயரம் கிடுகிடுன்னு கரையும்.

ரெண்டு எச்சரிக்கை. அந்த உயரத்துல ரொம்பக் குறைச்சா பஃபே மார்ஜின் (விமானம் உதற ஆரம்பிக்குற வேகத்துக்கு இருக்குற இடைவெளி) சுருங்கிடும், ஏர்பஸ்னா கிரீன் டாட்டுக்குக் (ஸ்பீட் டேப்ல தெரியுற பச்சைப் புள்ளி வேகம்) கீழ போகவே கூடாது, காத்து ஆட்டுச்சுன்னா அதுக்கு நல்லா மேலயே நில்லுங்க. அப்புறம், ஏடிசிக்குச் சொல்லாம குறைக்காதீங்க, உங்க பின்னாடி வர்றவன் உங்க வேகத்த நம்பித்தான் வந்துட்டு இருக்கான்.

ஸ்டெப் 4: இந்த நேரத்துல கேபின முடிச்சுடுங்க

சின்ன வேலைதான் ஆனா விட்டுடுவோம். வழக்கத்த விட வேகமா இறங்கப் போறோம், ஸ்பீட்பிரேக் போட்டா விமானம் குலுங்கும், டிராலி நடு வழில நின்னா ஆபத்து. கேபின் க்ரூவுக்கு ஒரு இன்டர்காம் கால், சீட் பெல்ட் லைட் முன்னாடியே. அப்ரோச் பிரீஃபிங்கும் இந்த காக்குற நேரத்துலயே முடிஞ்சுடணும், இறங்க ஆரம்பிச்ச பிறகு அதுக்கெல்லாம் நேரம் கிடைக்காது.

ஸ்டெப் 5: பர்மிஷன் வந்தாச்சு, சரியான மோடப் போடுங்க

ஏர்பஸ்ல மேனேஜ்டு டிசென்ட் (கம்ப்யூட்டரே பாதையப் பாத்துக்குற மோட்) போட்டா அது பாதையப் புடிக்கப் பாக்கும், ஐடில்ல வச்சு வேகத்த குறிச்ச அளவுக்கு மேல கொஞ்சம் ஏத்திக்கும், அதுக்கு மேல முடியலன்னா மோர் டிராக்னு ஒரு மெசேஜ் போட்டுட்டு உங்களப் பாக்கும். நல்லா லேட்டுன்னு தெரிஞ்சா ஓபன் டிசென்ட் (பாதையப் பாக்காம ஐடில்ல இறங்குற மோட்), வேகத்த நீங்களே செலக்ட் பண்ணுங்க. போயிங்ல அதுக்குச் சமம் லெவல் சேஞ்ச், பெரிய போயிங்னா ஃப்ளைட் லெவல் சேஞ்ச். போயிங்ல டிசென்ட் நவ்னு ஒண்ணு இருக்கு, பேரக் கேட்டா இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அது சீக்கிரமா இறங்க விட்டுட்டாங்கன்னா நிமிஷத்துக்கு ஆயிரம் அடி போல மெதுவா இறங்கி பாதையக் கீழேர்ந்து புடிக்கிறதுக்கு. நம்ம பிரச்சினை அதுக்கு நேர் எதிர்.

மோடப் போட்டதும் ரெண்டு பேரும் எஃப்எம்ஏவ (எந்த மோட் ஓடுதுன்னு ஸ்கிரீன்ல காட்டுற வரி) சத்தமாப் படிங்க, த்ரஸ்ட் உண்மையிலயே ஐடிலுக்கு வந்துச்சான்னு இன்ஜின் கேஜப் பாருங்க. பவர் ஓடிட்டு இருக்கும்போது ஸ்பீட்பிரேக் போட்டு வச்சிருக்குறது நடக்கக் கூடிய தப்புதான்.

ஸ்டெப் 6: வேகமா இறங்கணுமா, மெதுவா இறங்கணுமா

இதுலதான் நிறைய பேர் குழம்புறாங்க, அதுனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். காத்தோட இழுவை வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 250லேர்ந்து 320க்குப் போனா வேகம் கால் பங்கு கூடுது, ஆனா இழுவை, உடம்பு காத்த உரசுற பகுதிய மட்டும் எடுத்துக்கிட்டா, ஒன்றரை மடங்குக்கும் மேல. ஐடில்ல அந்த இழுவைக்கு ஈடு கொடுக்குறது உயரம் மட்டும்தான், அதுனால வேகமாப் போனா செங்குத்தா இறங்கும். 737ல 280 நாட்ல கிளீனா (எதையும் வெளிய எடுக்காம) இறங்கினா நிமிஷத்துக்கு சுமார் 2,200 அடி, ஸ்பீட்பிரேக் போட்டா 3,100 கிட்ட. அதே 250 நாட்னா 1,700, ஸ்பீட்பிரேக்கோட 2,300. ஸ்பீட்பிரேக் கூட வேகத்துலதான் நல்லா வேலை செய்யுது பாருங்க.

ஆனா அந்த வேகத்தத் திருப்பிக் கட்டணும். 10,000 அடிக்குக் கீழ 250 நாட், அமெரிக்காவுல அது சட்டமே, நம்ம ஊர்லயும் பொதுவா அதேதான். 320ல வந்தீங்கன்னா 10,000 அடில மட்டமா நின்னு 250க்கு வர 7 மைல் போகும். அதுனால என்னோட கணக்கு இப்படி: ஏர்போர்ட்டுக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கு, 50, 60 மைலுக்கு மேல, அப்ப வேகம் கூட்டி ஸ்பீட்பிரேக்கும் போடுங்க, விஎம்ஓவுக்குப் (விமானத்தோட உச்ச வேக வரம்பு) பத்து நாட்டாவது கீழ நில்லுங்க, காத்து ஆட்டுச்சுன்னா இந்த வழிய மறந்துடுங்க. 30 மைலுக்குள்ள வந்துட்டீங்களா, அப்ப வேகம் கூட்டுறது கடன் வாங்கிக் கடன அடைக்கிற கதை. அங்க முதல்ல வேகத்தக் குறைங்க, உயரம் இன்னும் கூடத் தெரியும், பரவால்ல, மனசு ஒத்துக்காது ஆனா குறைங்க, குறைச்சு கியரையும் ஃப்ளாப்பையும் வெளிய எடுத்துட்டு அப்புறம் இறங்குங்க. மெதுவாப் போகும்போது ஒரு மைலுக்கு அதிக நேரம் கிடைக்குது, கியரோட இழுவையும் இருக்கு, அதுனால கோணம் செங்குத்தாகுது.

ஏடிசி ரெண்டையும் ஒண்ணா கேட்டா? வேகமா இறங்குங்க, அப்படியே 210க்குக் குறைங்கன்னு? ஜெட்டுல ரெண்டும் ஒண்ணா நடக்காது, ஐகாவோட (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) கன்ட்ரோலர் விதிகள்லயே அதிக வேகத்துல இறங்குறதும் ஸ்பீட் குறைக்கிறதும் ஒத்துப் போகாதுன்னு எழுதிருக்கு. எது முதல்லன்னு கேளுங்க. கூச்சப்படவே வேண்டாம், நல்ல கன்ட்ரோலர் உடனே சொல்லிடுவாரு.

இறங்கச் சொன்ன உயரத்துக்குக் கடைசி ஆயிரம் அடில நிமிஷத்துக்கு 1,500 அடிக்குக் கீழ கொண்டு வந்துடுங்க. நிமிஷத்துக்கு 4,000 அடில பாஞ்சு வந்து நின்னா கீழ மட்டமா போற விமானத்துக்கும் உங்களுக்கும் டிகாஸ் (மோதல் எச்சரிக்கைக் கருவி) கத்த ஆரம்பிச்சுடும்.

ஸ்டெப் 7: ஸ்பீட்பிரேக் லீவர்ல கை

போட்டா கை அதுமேலயே இருக்கட்டும். போட்டத மறக்குறதுதான் ஆபத்து. 1995 டிசம்பர் 20, கொலம்பியாவுல காலி நகரம், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, போயிங் 757. அங்க ஏடிசி லேட் பண்ணல, நேரா 19ஆம் ரன்வேக்கு வர்றீங்களான்னு ஒரு ஷார்ட்கட் கொடுத்தாங்க, அவங்களும் சரின்னுட்டாங்க. ஷார்ட்கட்டும் லேட் டிசென்ட்டும் ஒரே நோய்தான், ரெண்டுலயும் மைல் காணாமப் போகுது. அவசரமா இறங்க ஸ்பீட்பிரேக் போட்டாங்க, அதே அவசரத்துல கம்ப்யூட்டர்ல தப்பான பீக்கன் ஏறி விமானம் மலைப் பக்கம் திரும்புச்சு, தரை எச்சரிக்கை வந்ததும் முழு பவர் கொடுத்து மேல இழுத்தாங்க, ஆனா ஸ்பீட்பிரேக்க உள்ள போடல. 163 பேர்ல 4 பேர்தான் பிழைச்சாங்க.

அதுனால ஷார்ட்கட் குடுத்தா ஆசையா வாங்கிக்கிறதுக்கு முன்னாடி 3ஆல பெருக்கிப் பாருங்க. 12,000 அடில இருக்கீங்க, 45 மைல் இருந்தது 28 ஆகுதுன்னா, 36 மைல் வேணும், வேகம் குறைக்க வேற தூரம் வேணும். வேண்டாம்னு சொல்லிடலாம், பயணிகளுக்கு மூணு நிமிஷம் லேட் ஆகும், அவ்ளோதான்.

ஸ்டெப் 8: 10,000 அடில ஒரு முடிவு

ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷனோட அப்ரோச் வழிகாட்டில ரெண்டு நம்பர் இருக்கு: ஏர்போர்ட்டுக்கு மேல 9,000 அடி, 40 மைல்ல. 3,000 அடி, 15 மைல்ல. கொஞ்சம் தாராளமான நம்பர்தான், லைன்ல 30 மைல்ல 10,000 அடி, 250 நாட்னு வச்சுக்கிட்டாலும் ஓடும். எத வச்சாலும் சரி, 10,000 தாண்டும்போது ரெண்டு பேர்ல ஒருத்தர் உயரம், மைல், வேகம் மூணையும் வாய் விட்டுச் சொல்லணும். 5 மைலுக்கு மேல பள்ளம் விழுந்திருந்தா மருந்து ஒண்ணுதான், மைல் கேளுங்க.

எப்படிக் கேக்குறது? நாங்க உயரமா இருக்கோம்னு மட்டும் சொன்னா கன்ட்ரோலருக்கு என்ன பண்றதுன்னு தெரியாது. இன்னும் எத்தன டிராக் மைல் (பறக்க வேண்டிய தூரம்) இருக்குன்னு முதல்ல கேளுங்க. 25ன்னு வந்து உங்களுக்கு 33 வேணும்னா, "அனேபிள், எங்களுக்கு இன்னும் 8 மைல் வேணும்"னு நம்பரோட சொல்லுங்க, அனேபிள்னா முடியாதுன்னு அர்த்தம். டவுன்விண்ட (ரன்வேக்குத் திரும்புறதுக்கு முன்னாடி எதிர்த் திசைல போற பகுதி) நீட்டுவாங்க, இல்ல ஒரு வெக்டர் (போக வேண்டிய திசை) குடுப்பாங்க, ஹோல்டிங்ல (காத்திருக்குற வட்டம்) ஒரு சுத்து விடுவாங்க. 8 மைல் ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட, அதுக்கான எண்ணெய் எல்லா ஃப்ளைட்லயும் இருக்கும். அனேபிள்ங்கிற வார்த்தைய இளசுங்க பயந்துக்கிட்டே சொல்றாங்க, ஏதோ தோத்துப் போன மாதிரி. இந்த வேலைல ரொம்ப கண்ணியமான வார்த்தை அது, அத நான் மனசார நம்புறேன்.

ஸ்டெப் 9: கியர்

ஃப்ளாப்ப விட கியர்தான் நல்லா இழுக்கும். ஏ320ல 250 நாட்டுக்குக் கீழ வந்துட்டா கியர் இறக்கலாம், 737ல 270. முதல் ஃப்ளாப்புக்கு ஏ320ல 230க்கு வரணும், அதுனால வரிசை மாத்தி கியர் முதல்லங்கிறது இந்த நிலைமைல தப்பே இல்ல. சத்தம் வரும், எண்ணெய் கொஞ்சம் போகும். ஆனா மங்களூர நினைச்சுக்கங்க, கியர் சீக்கிரம் போட்டது அங்க தப்பு இல்ல, போட்ட பிறகும் பத்தலன்னு தெரிஞ்சும் தொடர்ந்ததுதான் தப்பு. கியரும் ஸ்பீட்பிரேக்கும் வெளிய இருந்தும் பாதை கீழ போய்ட்டே இருந்தா உங்க கைல இனிமே கருவி இல்ல, கோ அரவுண்டும் மைலும்தான் மிச்சம்.

ஸ்டெப் 10: கிளைட் ஸ்லோப்ப மேலேர்ந்து புடிக்கிறது

கிளைட் ஸ்லோப்னா அந்த சரிவுப் பாதைய ரேடியோ சிக்னலா காட்டுறது. ஏர்பஸ்ல செய்ற முறை: லோக்கலைசர் (ரன்வேயோட நடுக்கோடக் காட்டுற சிக்னல்) புடிச்சிருக்கணும், அப்ரோச் ஆர்ம் ஆகிருக்கணும், கியர் கீழ, ஃப்ளாப் குறைஞ்சது 2. எஃப்சியு (ஆட்டோபைலட்டுக்கு உயரம், வேகம் செட் பண்ற பேனல்) உயரத்த நீங்க இருக்குற உயரத்துக்கு மேல வைங்க, இல்லன்னா நடு வழில அந்த உயரத்தப் புடிச்சு மட்டமா நின்னுடும். அப்புறம் விஎஸ் (செங்குத்து வேகத்த நாமளே குறிக்குற மோட்), நிமிஷத்துக்கு 1,500 அடி, தேவைன்னா 2,000 வரைக்கும், அதுக்கு மேல போனா வேகம் ஃப்ளாப் லிமிட்ட நோக்கி ஓடும். ஓபன் டிசென்ட் இங்க கூடாது, உயரத்த மேல வச்சிருக்கீங்க, அது ஏறப் பாக்கும்.

ரெண்டு குழி இருக்கு. ஒண்ணு போலி கிளைட் ஸ்லோப். ஐஎல்எஸ் (இறங்க வழிகாட்டுற ரேடியோ கருவி) ஆன்டெனா 3 டிகிரில மட்டும் சிக்னல் அனுப்பல, அதுக்கு மேலயும் போலிப் பாதைங்க இருக்கு, 9 டிகிரி கிட்ட இருக்குறது தலைகீழாவும் நடந்துக்கும். 2013 மே 31 நெதர்லாந்துல ஐந்தோவன்ல ஒரு 737 மேலேர்ந்து அதப் புடிக்கப் போய், ஆட்டோபைலட் மூக்க சட்டுனு மேல தூக்கி, வேகம் விழுந்து ஸ்டிக் ஷேக்கர் (வேகம் ஆபத்தா குறைஞ்சா கன்ட்ரோல ஆட்டி எச்சரிக்கிறது) ஆடிடுச்சு, நல்லவேளை கோ அரவுண்ட் போய் தப்பிச்சாங்க. ஊசி நடுவுல வந்துச்சுன்னு மட்டும் நம்பாதீங்க, மைலுக்கு சுமார் 320 அடின்னு சரி பாருங்க, 6 மைல்ல 1,900 அடி போல இருக்கணும், 4,000 காட்டுனா நீங்க புடிச்சது கிளைட் ஸ்லோப் இல்ல.

ரெண்டாவது குழி சான் ஃபிரான்சிஸ்கோ, 2013 ஜூலை 6, ஏசியானா 214, போயிங் 777. 5 மைல் வரைக்கும் 180 நாட் வச்சுக்கச் சொன்னாங்க, விமானம் பாதைக்கு மேல இருந்துச்சு. அவசரத்துல ஃப்ளைட் லெவல் சேஞ்ச் போட்டாரு பைலட், மிஸ்டு அப்ரோச்சுக்குன்னு (கோ அரவுண்ட் போனா ஏற வேண்டிய பாதை) 3,000 அடி செட் ஆகிருந்ததால விமானம் ஏறப் பாத்துச்சு, அவர் ஆட்டோபைலட்ட எடுத்துட்டு த்ரஸ்ட்ட ஐடிலுக்கு இழுத்தாரு, ஆட்டோத்ராட்டில் (பவர தானா கூட்டிக் குறைக்கிறது) ஹோல்டுக்குப் போயிடுச்சு, அதாவது இனிமே வேகத்த அது பாத்துக்காது. உயரமா இருந்த விமானம் பாதையக் கடந்து கீழ போய், வேகம் 103 நாட் வரைக்கும் விழுந்து, கடல் சுவத்துல இடிச்சுச்சு. 3 பேர் செத்தாங்க. உயரத்துலேர்ந்து வர்றவங்களுக்கு கண்ணெல்லாம் உயரத்து மேலயே இருக்கும், பாதையப் புடிச்ச அந்த நொடி பவர் திரும்ப வந்துச்சான்னு பாக்க மறந்துடுவோம். இடது கை எதுல இருந்தாலும் சரி, கண்ணு ஸ்பீட் டேப்ல.

ஸ்டெப் 11: 1,000 அடி, 500 அடி

மேகத்துக்குள்ள 1,000 அடி, கண்ணுக்குத் தெளிவா தெரிஞ்சா 500 அடி, கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும். அங்க வேகம், பாதை, ஃப்ளாப், கியர், பவர் எல்லாம் செட் ஆகிருக்கணும். இல்லையா, கோ அரவுண்ட். 2000 மார்ச் 5, கலிஃபோர்னியா பர்பாங்க், சவுத்வெஸ்ட் 1455. ஏடிசி வேகமாவும் உயரமாவும் கொண்டு வந்து விட்டாங்க, இறங்கின கோணம் 7 டிகிரி, ரன்வேயத் தொட்ட வேகம் 182 நாட், இருக்க வேண்டியதோ 138. வேலிய உடைச்சுட்டு ரோட்டுல பெட்ரோல் பங்க் பக்கத்துல போய் நின்னுச்சு, யாரும் சாகல. என்டிஎஸ்பி (அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பு) கன்ட்ரோலரையும் விடல, பைலட்டுக்கு கோ அரவுண்ட தவிர பாதுகாப்பான வேற வழி இல்லாத இடத்துல கொண்டு வந்து விட்டாருன்னு எழுதுனாங்க. ஆனா முதல் காரணமா எழுதுனது அந்த வேகத்தோடயும் கோணத்தோடயும் தொடர்ந்து இறங்குனதத்தான்.

உயரமா இருக்கும்போது போற கோ அரவுண்டுக்கு ஒரு தனி சூட்சுமம் இருக்கு. மிஸ்டு அப்ரோச் உயரம் 3,000, நீங்க இருக்குறது 2,600ன்னா, முழு பவர் கொடுத்தா பத்து செகண்டுல தாண்டிடுவீங்க. விமானமும் லைட்டா இருக்கும். அதுனால பிரீஃபிங்லயே இதப் பேசி வைங்க: உயரத்துல விட்டுட்டா எப்படிப் போவோம், எவ்ளோ பவர், முதல்ல யார் என்ன சொல்றது.

ரைட் சீட்டுல இருக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. மங்களூர்ல கோ பைலட் சொன்னாரு, மூணு தடவ சொன்னாரு. கேக்கலன்னா அடுத்தது என்னன்னு உங்க கம்பெனி எஸ்ஓபில எழுதிருக்கும், கன்ட்ரோல எடுக்குறது வரைக்கும். அந்தப் பக்கத்த ஒரு தடவ இல்ல, பல தடவ படிச்சு வைங்க, லெஃப்ட் சீட்டுல இருக்குறவர் கிட்டயும் ஃப்ளைட்டுக்கு முன்னாடியே பேசிடுங்க, "சார், நான் கோ அரவுண்ட் சொன்னா போயிடலாம்ல"ன்னு கேளுங்க. நல்ல கேப்டன் யாரும் இதுக்குக் கோவப்பட மாட்டாங்க.

தரைல வந்த பிறகு

லேட் ஆனதால அன்ஸ்டேபிள் (வேகம், பாதை எல்லாம் செட் ஆகாத நிலைமை) ஆச்சுன்னா, கோ அரவுண்ட் போனீங்கன்னா, ரிப்போர்ட் எழுதுங்க. எந்த இடம், எத்தன மைல்ல கேட்டீங்க, எத்தன மைல்ல விட்டாங்க, இந்த மூணும் போதும். ஒரே இடத்துலேர்ந்து பத்து ரிப்போர்ட் போச்சுன்னா அந்த செக்டார்ல உயர ஒப்பந்தத்தையே மாத்த வாய்ப்பு இருக்கு.

அடுத்த ஃப்ளைட்லேர்ந்து ஒரு பழக்கம் ஆரம்பிங்க, சிமுலேட்டர்ல பறக்குறவங்களும்தான். எல்லாம் சரியா போற நாள்லயே, இறங்கும்போது ஒவ்வொரு 5,000 அடிக்கும் உயரத்த 3ஆல பெருக்கி, இருக்குற மைலோட வச்சு வித்தியாசத்த வாய் விட்டு சொல்லுங்க. 25,000ல 75 வேணும், 82 இருக்கு, 7 கூட. 20,000ல 60 வேணும், 66 இருக்கு, 6 கூட. 15,000ல 45 வேணும், 47தான் இருக்கு, 2 கூட. எஃப்எம்எஸ்ல எந்த மெசேஜும் இன்னும் வந்திருக்காது, ஆனா வேகம் குறைக்க வச்சிருந்த மைல் கரைஞ்சுட்டு வருதுன்னு உங்களுக்கு 15,000 அடிலயே தெரிஞ்சுடும், ரேடியோவ எடுக்க அப்ப இன்னும் நேரம் இருக்கும்.